அரசாங்கக் கடனும் மக்கள் நலச் சேவைகளும்

வல்வெட்டித்துறை கடலை நம்பி வளர்ந்த ஊர். பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் இவ்வூரவர் தாமே கப்பல் கட்டினர். தாமே அவற்றைச் செலுத்தி நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் சென்று வாணிகம் நடத்தினர். இங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, இவ்வூர் மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த வரலாறு நேயர்கள் பலரும் அறிந்ததே.

கப்பல் கட்டுதல் பெருஞ் செலவுள்ள காரியம். கைப்பொருள் போதாத ஒருவன் கடன்பட்டுக் கப்பல் கட்டினான் எனக் கொள்க. கப்பல் ஓடும், கேள்வு கிடைக்கும், அக்கேள்விலிருந்து வட்டியும் முதலும் அடைந்துவிடும். இன்னொருவன் அதே தொகையைக் கடன்பட்டு ஆடம்பரமாக ஒரு கொண்டாட்டம் நடத்தினான் எனக் கொள்க. பந்தல் பிரித்த மறுநாளே வட்டி ஓடத் தொடங்கும். அதனை அடைக்க வேறு வருவாய் இல்லை. அடுப்படியிலும் பிள்ளைகளின் படிப்பிலும் கைவைத்தே அவன் அதனைக் கட்ட வேண்டும். மூன்றாமவன் ஒருவன் இரங்கூன் வியாபாரியிடம் அந்நாட்டு நாணயத்திலே கடன்பட்டான். அவனுடைய வருவாயோ உள்ளூர் நாணயத்தில். நாணய மாற்று விகிதம் சரிந்தால் அவன் புதிதாக ஒரு சதமும் வாங்காமலே அவனுடைய கடன் இரட்டிக்கும்.

ஓர் அரசாங்கம் படும் கடனிலும் இம்மூன்று வகையும் உண்டு. திறைசேரிக் கணக்குகளில் பொதுப்படுகடன் என வழங்கும் இக்கடன், பாடசாலையையும் வைத்தியசாலையையும் எவ்வாறு தொடுகின்றது என்பதை விளங்கிக்கொள்வது இக்காலத்தில் ஒவ்வொரு குடிமகனுக்கும் அவசியமாகின்றது.

அரசாங்கத்தின் வரவு பெரும்பாலும் வரியிலிருந்து வருவது. செலவு வரவை விஞ்சும்போது, விஞ்சிய தொகையை அரசாங்கம் கடனாகப் பெறுகின்றது. உள்நாட்டில் திறைசேரி உண்டியல்களையும் முறிகளையும் விற்று, வங்கிகளிடமிருந்தும் ஊழியர் சேமலாப நிதி போன்ற நிதியங்களிடமிருந்தும் பெறுவது ஒரு வகை. வெளிநாட்டு அரசாங்கங்களிடமும் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி முதலியவற்றிடமும் குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் பெறுவது இரண்டாவது வகை. உலகச் சந்தையிலே முறிகளை விற்று, டொலர்க் கணக்கில், சந்தை வட்டிக்குப் பெறுவது மூன்றாவது வகை.

கடன்படுதலே குற்றமன்று. உள்நாட்டுப் போரில் அழிந்த யாழ்ப்பாணத்துக்கான இருப்புப்பாதை இந்தியாவின் கடனுதவியுடன் மீண்டும் அமைக்கப்பட்டு, 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் புகைவண்டி யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. ஒரு தலைமுறைக்கு மேல் பயன்தரும் பாதையின் செலவை அத்தலைமுறை முழுவதும் பகிர்ந்துகொள்வது நீதியே. ஆதலின் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. எதற்காக வாங்கப்பட்டது? எந்த நாணயத்தில் வாங்கப்பட்டது? எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தாலன்றிக் கடன் நல்லதோ தீயதோ என்று கூறவியலாது.

இலங்கையின் இலவசக் கல்வி கடனிலே பிறந்ததன்று. கல்வி அமைச்சராக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அக்காலத்திலே தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதியால் அரசாங்கத்துக்கு நல்ல வரவிருந்தது. போர்க்காலத்திற் சேர்ந்த வெளிநாட்டுச் செலாவணியும் கையிலிருந்தது. அந்த வரவைக் கொண்டே பாடசாலைகள் பெருகின. இலவச வைத்தியசாலைகள் கிராமங்களை நாடிச் சென்றன. மானிய விலையில் கூப்பன் அரிசி வழங்கப்பட்டது. கடற்றொழிலாளியின் மகனும் தோட்டக்காரனின் மகளும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆகும் வழி திறந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெற்றுவந்த பாடசாலைகளுள் மிகப் பலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றபோது அச்செலவுப் பொறுப்பு மேலும் பெருகியது.

வரவு குறைந்தால் முதலில் எதன்மேற் கைவைக்கப்படும் என்பதை 1953ஆம் ஆண்டே நாட்டுக்குக் காட்டிவிட்டது. கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்த இறப்பர் விலை வீழ்ந்தது. வெளிநாட்டுச் செலாவணி கரைந்தது. வரவு செலவுத் திட்டத்தில் பெரும் பள்ளம் விழுந்தது. அவ்வாண்டு யூலை மாதத்தில் கூப்பன் அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டுவந்த இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது, உயிர்களும் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அன்று நாட்டை நெருக்கியது வரவுக் குறைவேயன்றிக் கடனாளிகளின் படையன்று. எனினும் அரிசியும் பாடசாலை உணவுமே முதலிற் கத்தரிக்கப்பட்டன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பின்வந்த பத்தாண்டுகளில் மக்களின் தேவை பெருகிற்று. வரவோ அதற்கு ஈடாகப் பெருகவில்லை. 1990ஆம் ஆண்டளவில் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அரசாங்க வருமானமாயிருந்தது. 2021ஆம் ஆண்டில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இடையில் நீண்ட உள்நாட்டுப் போரின் செலவும் சேர்ந்தது. பள்ளத்தை நிரப்பக் கடனே வழியாயிற்று. நாடு நடுத்தர வருமான நிலைக்கு உயர்ந்ததும் குறைந்த வட்டிக் கடன் அருகியது. 2007ஆம் ஆண்டில் இலங்கை முதன்முதலாக உலகச் சந்தையில் 50 கோடி டொலர் பெறுமதியான நாட்டிறை முறிகளை விற்றது, வட்டி நூற்றுக்கு எட்டேகால், தவணை ஐந்தாண்டு.

இந்த ஐந்தாண்டுத் தவணையைப் பாடசாலையோடு வைத்து எண்ணிப் பார்த்தல் தகும். அவ்வாண்டு வல்வெட்டித்துறையில் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை, முறியின் தவணை முடிந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்தது. அப்பிள்ளை படித்து முடித்து, தொழில் பெற்று, வரி செலுத்தத் தொடங்க மேலும் பத்தாண்டுக்கு மேலாகும். கல்வி தரும் பலன் பெரிது. ஆனால் ஆறுதலாக வருவது. வைத்திய சேவையின் பலனும் அத்தகையதே. நெடுங்காலத்திற் பலன்தரும் தேவைகள் உள்ள நாடு குறுங்காலத் தவணைக் கடனில் தங்கினால், பழைய முறியை அடைக்கப் புதிய முறி விற்க நேரிடும். சந்தை கதவை அடைக்கும் நாளில் எல்லாம் ஒருங்கே நின்றுவிடும்.

அந்த நாள் 2022இல் வந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் வரிகள் பெரிதும் குறைக்கப்பட்டன. பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8ஆக இறங்கியது. அடுத்த ஆண்டிற் கொள்ளைநோய் உல்லாசப் பயணத் தொழிலை முடக்கியது. 2021ஆம் ஆண்டில் அரசாங்கத்துக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எழுபது ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போயிற்று. கல்விக்கும் சுகாதாரத்துக்கும் சேர்த்துச் செலவானதைக் காட்டிலும் வட்டிக்குச் செலவானதே அதிகம். 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன்களுள் பெரும்பாலானவற்றைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. சுதந்திர இலங்கையின் வரலாற்றில் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை.

வட்டிக்கு இவ்வளவு போகும்போது எஞ்சியதைப் பங்கிடும் முறை யாது? இங்கேதான் பொருள் விளங்குகின்றது. வட்டி தவறினால் நாட்டின் பெயர் கெடும். ஆதலின் அஃது முதலில் நிற்கும். அடுத்து நிற்பவை சம்பளமும் ஓய்வூதியமும். அவற்றைத் திடீரென நிறுத்தவியலாது. இவ்விரண்டும் போனபின் மிஞ்சுவதிலேதான் மருந்து வாங்க வேண்டும். பாடசாலைக் கூரை வேய வேண்டும். ஆய்வுகூடத்துக்கு இரசாயனப் பொருள் வாங்க வேண்டும். வறியோருக்கு உதவ வேண்டும். ஆகவே நெருக்கடி காலத்தில் பாடசாலை மூடப்படுவதில்லை. ஆசிரியர் வருகின்றார், மணி அடிக்கின்றது. ஆனால் உடைந்த வாங்கு உடைந்தபடியே கிடக்கும். வைத்தியசாலை திறந்திருக்கும், வைத்தியர் நோயை அறிந்து மருந்தெழுதித் தருவார், அம்மருந்தை வெளியிலே விலைக்கு வாங்கும்படி துண்டில் எழுதப்படும். சேவை இலவசமென்ற பெயர் மாறாதிருக்க, செலவு மட்டும் குடும்பத்தின் மேல் வந்து விழும். சட்டசபையில் எவரும் இதற்குத் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை. வட்டிக்காரன் தவணை தவறாமற் கேட்பான். கூரை ஒழுகும் வகுப்பறை கேட்பதில்லை. கேளாததன் பங்கே முதலிற் குறைகின்றது.

டொலர்க் கையிருப்புத் தீர்ந்தமையால் 2022இல் இவ்வழமையான குறைப்பையும் கடந்த துன்பம் நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கடதாசி இன்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அதே மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திர சிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. யூன், யூலை மாதங்களில் எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த மாற்று விகிதம் மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. இரங்கூன் நாணயத்திற் கடன்பட்ட மூன்றாமவனின் கதை நாட்டின் கதையாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல் 2022 மே மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஒருகாலத்தில் தன் சொந்தக் கப்பல்களில் கடல் கடந்து வாணிகம் நடத்திய கரைக்கு, உதவிப் பொருளாக அரிசி கடல் கடந்து வரவேண்டிய காலம் வந்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை இலீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. மானியச் சுமையால் எரிபொருட் கூட்டுத்தாபனம் நட்டப்படுவதைத் தடுக்கவே இவ்விலையேற்றம் என்று கூறப்பட்டது. கணக்கின்படி அக்கூற்றிற் பிழையில்லை. ஆயினும் வடகரைச் சிறு வள்ளங்களின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவன. முன்பு ஒரு நாட்தொழிலுக்கு 20 இலீற்றர் செலவிட்ட தொழிலாளிக்கு அச்செலவு 1,740 ரூபாயிலிருந்து 6,800 ரூபாயாயிற்று. வலையில் மீன் படுமோ படாதோ என்பது கடலில் இறங்குமுன் தெரியாது. எண்ணெய்க் காசோ முன்கூட்டியே கொடுக்கவேண்டியது. கடலுக்குப் போகாத நாட்களில் அவ்வீட்டிற் குறைபவை பிள்ளைகளின் பாலும் பிரத்தியேக வகுப்புக் கட்டணமும் பேருந்துக் காசுமே. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலையேற்றம் நூற்றுக்கு எழுபதளவை எட்டியது. 2021இல் நூற்றுக்கு 13ஆக இருந்த வறுமை 2022இல் 25ஆக இரட்டித்ததென உலக வங்கி மதிப்பிட்டது.

வல்வெட்டித்துறைக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. இவ்வூரவர் பலர் கடல் கடந்து பிரித்தானியாவிலும் கனடாவிலும் பிற நாடுகளிலும் வாழ்கின்றனர். ஊர்ப் பாடசாலைக்கு ஒரு கட்டடம், வைத்தியசாலைக்கு ஒரு கருவி, ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என அவர்கள் அனுப்பும் உதவி போற்றத்தக்கது. ஆயினும் அரசாங்கம் விட்ட இடத்தை உறவு நிரப்புவது எல்லா ஊருக்கும் இயலாது. வன்னியின் உட்கிராமத்துக்கும் மலைநாட்டுத் தோட்டத்துக்கும் இலண்டனில் உறவினர் இலர். ஊருக்கு வாய்த்த உறவைப் பொறுத்துப் பிள்ளையின் கல்வி அமையுமாயின், 1945இல் மூடப்பட்ட ஏற்றத்தாழ்வின் கதவு மறுபடியும் திறந்துவிடும். அன்றியும் நன்கொடை ஒரு கட்டடத்தைத் தரும். ஆண்டுதோறும் ஆசிரியரையும் மருந்தையும் தர அதனாலியலாது.

இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கின்றனர் என்று ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாடு 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. கடன் கொடுத்தோர் விட்டுக்கொடுத்த முன்மாதிரியும் உலகில் உண்டு. இலங்கையில் ஹர்த்தால் நிகழ்ந்த அதே 1953ஆம் ஆண்டு பெப்ருவரியில், இலண்டனிற் செய்யப்பட்ட உடன்படிக்கையால் மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறக்குறையப் பாதி தள்ளப்பட்டது. எஞ்சியது அந்நாட்டின் ஏற்றுமதி வருவாய்க்கு ஏற்பச் செலுத்தப்படுமாறு வகுக்கப்பட்டது. ஜெர்மனி தலைநிமிர்ந்தது, கொடுத்தவர்களுக்கும் காசு கிடைத்தது. கடனாளியை மூச்சுவிட விட்டால் அவன் உழைத்துக் கொடுப்பான் என்பதற்கு அஃது ஒரு சான்று.

இலங்கையின் ஏற்பாடு பின்வருமாறு அமைந்தது. 2023 மார்ச் 20ஆம் நாள் சர்வதேச நாணய நிதியம் நான்காண்டுகளில் ஏறக்குறைய 300 கோடி டொலர் வழங்க இணங்கியது. அது அந்நிதியத்துடன் இலங்கை செய்துகொண்ட பதினேழாவது ஏற்பாடு. 2024 யூன் மாதத்திற் கடன் கொடுத்த அரசாங்கங்களுடனும், அவ்வாண்டு டிசெம்பரில் நாட்டிறை முறியாளர்களுடனும் இணக்கம் ஏற்பட்டது. உள்நாட்டிலோ 2023ஆம் ஆண்டுச் சீரமைப்பின் சுமை ஊழியர் சேமலாப நிதியின் மேல் ஏற்றப்பட்டது. வங்கிகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. உழைப்பாளியின் முதுமைக்காலச் சேமிப்பு அரசாங்கக் கடனின் சுமைதாங்கியாயிற்று. வருமானத்தை உயர்த்தும்பொருட்டுப் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 18ஆக உயர்த்தப்பட்டது. கப்பல் முதலாளியும் கரைவலை இழுப்பவனும் ஒரு சவர்க்காரக் கட்டிக்குச் செலுத்தும் வரி ஒன்றே. ஆனால் முதலாளியின் வருமானத்தில் அஃது ஒரு துரும்பு. வலை இழுப்பவனின் கூலியில் அஃது ஒரு கவளம்.

இனிச் செய்யத்தக்கன எவை? முதலாவது, வருமானம் உயரவேண்டும். உயரும் முறையும் நீதியாயிருக்கவேண்டும். வருமானத்தின் மேலும் பெருஞ் செல்வத்தின் மேலும் விதிக்கப்படும் வரி ஒழுங்காக அறவிடப்படுமாயின், சவர்க்காரத்தின் மேலும் சீனியின் மேலும் அவ்வளவு சாயவேண்டியதில்லை. வரிக்குறைப்பு இனிப்பான வாக்குறுதி. 2019இன் குறைப்புக்குரிய விலை 2022இல் வைத்தியசாலை வாசலிற் செலுத்தப்பட்டது என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, கடனின் தன்மை ஆராயப்படவேண்டும். டொலரிற் பெறும் கடன் டொலர் ஈட்டும் காரியத்துக்கே செல்லவேண்டும். நெடுங்காலப் பயனுக்கு நெடுங்காலத் தவணை வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் முதுமொழி வீட்டுக்குப் போலவே நாட்டுக்கும் பொருந்தும். 2024ஆம் ஆண்டில் பொதுப்படுகடன் முகாமைக்கும் பொது நிதி முகாமைக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. கணக்கு வெளிச்சத்துக்கு வருதல் நற்றொடக்கம்.

மூன்றாவது, சமூக சேவைக்குரிய செலவுக்கு ஒரு கீழெல்லை வேண்டும். மேற்கூறிய நிதிச் சட்டம், வட்டி நீங்கலான அரசாங்கச் செலவு மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 13ஐ விஞ்சலாகாது என வரம்பிட்டுள்ளது. வட்டியோ அவ்வரம்புக்கு வெளியே நிற்கின்றது. வரம்புக்குள் அகப்பட்டவை பாடசாலையும் வைத்தியசாலையும் ஓய்வூதியமும் வீதியுமே. செலவு இதற்குமேல் ஏறலாகாது என்று ஒரு கோடு கீறுபவர்கள், கல்வியும் மருந்தும் இதற்குக் கீழ் இறங்கலாகா என்று மற்றொரு கோடும் கீறவேண்டும். நாணய நிதியத்தின் ஏற்பாட்டில் வறியோருக்கான உதவிக்கு அவ்வாறு ஒரு கீழெல்லை குறிக்கப்பட்டது. அந்நெறி கல்விக்கும் மருந்துக்கும் விரிதல் வேண்டும்.

கடனைக் கொடுத்துத் தீர்ப்பது நாட்டின் நாணயம். அதனை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் நாட்டுக்கு இன்னொரு கடனும் உண்டு. 1945ஆம் ஆண்டில், ஏழையின் பிள்ளையும் கட்டணமின்றிக் கற்கலாமென நாடு தன் பிள்ளைகளுக்கு வாக்களித்தது. அவ்வாக்குக்கு முறி இல்லை. தவணைத் திகதி இல்லை. தவறினால் வழக்குத் தொடுக்க ஆளும் இல்லை. வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும், வட்டிக்கு ஒதுக்கிய தொகையை முதலில் எழுதி, கல்விக்கும் மருந்துக்கும் ஒதுக்கிய தொகையை அதனருகே எழுதி, இரண்டையும் ஒப்புநோக்குவதைக் குடிமக்கள் வழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும். அதற்குப் பொருளியற் பட்டம் வேண்டுவதில்லை. கூட்டலும் கழித்தலும் போதும். அவ்விரண்டையும் இந்நாட்டுப் பிள்ளைகள் இலவசப் பாடசாலையிலேதான் கற்கின்றார்கள்.